வில்கூடாரம் கட்டப்போகிறவர்களுக்கு: வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

விசுவமடுவில் ஒரு சின்ன வெல்டிங் பட்டறையும் அதன் பின்னால் முக்கால் ஏக்கர் தோட்டமும் வைத்திருக்கிறேன். குழாயை வில்லாக வளைத்துப் பொலித்தீன் போட்டுப் பயிர் வைக்கும் பைத்தியம் இந்த இரண்டும் சேர்ந்ததால் வந்தது. இதுவரை எனக்கு மூன்று, மற்றவர்களுக்கு ஒன்பது கட்டியிருக்கிறேன். எனக்குக் கட்டியதில் முதலாவது இப்போது இல்லை. அந்தக் கதை கீழே வரும்.

கமக்கார அமைப்புக் கூட்டத்தில் இதைப் பற்றி ஐந்து நிமிடம் கதைத்த நாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. ஒரே விஷயத்தைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துவிட்டேன். ஆகவே வந்த கேள்விகளை ஒன்றாக எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

"அண்ணா, நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். அப்பா முழங்காவிலில் தோட்டம் செய்கிறார். இங்கே பெட்டியில் அடைத்து வரும் கூடாரம் ஒன்றை வாங்கிக் கப்பலில் அனுப்பலாமா?"

வேண்டாம் தம்பி. அது குளிருக்குச் செய்த சாமான். வெயிலின் சூட்டை உள்ளே பிடித்து வைப்பதும், கூரையில் விழும் பனியைச் சறுக்கி விழுத்துவதும்தான் அதன் வேலை. நமக்குச் சூட்டுக்கா பஞ்சம்? சித்திரை வெயிலில் நாலு பக்கமும் மூடிய பொலித்தீன் கூடாரத்துக்குள் பகல் பன்னிரண்டு மணிக்கு அப்பாவை நிற்கச் சொல்லிப் பாருங்கள், இடியப்பம் அவிக்கலாம். வெயில் 35 பாகையைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரத் தொடங்கும்.

வன்னியில் இந்தக் கூடாரம் மாரியில் குடை, கோடையில் நிழல், எந்த நாளும் பூச்சி மறிக்கும் வலை. இந்த மூன்றும்தான். மற்றது, அந்தப் பெட்டியில் வரும் கம்பிகள் பெரும்பாலும் மெல்லியவை. எங்கள் காற்றுக்கு அவை நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அனுப்பும் கூலியை அப்பாவிடம் கொடுங்கள். கிளிநொச்சியிலேயே நல்ல ஜி.ஐ. குழாய் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) வாங்கலாம்.

"முதல் தடவை கட்டுகிறேன். என்ன அளவில் தொடங்குவது? என்னென்ன வாங்க வேண்டும்?" (வட்டக்கச்சி)

12 அடி அகலம், 40 அடி நீளம். இதைவிடப் பெரிதாகத் தொடங்காதீர்கள். இந்த 12 அடி நான் ஆசைக்குச் சொல்லும் கணக்கில்லை, குழாய் சொல்லும் கணக்கு. கடையில் குழாய் 6 மீற்றர் நீளம், அதாவது 19 அடி 8 அங்குலம். 12 அடி அகலத்துக்கு அரைவட்டம் வளைத்தால் 18 அடி 10 அங்குலம் போகும். மிச்சம் பக்கத்துக்கு 5 அங்குலம். அந்த நேரான 5 அங்குலம்தான் நிலத்தில் ஊன்றும் அடிக்குழாய்க்குள் இறங்கும். ஒரு வில்லுக்கு ஒரு குழாய், வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை, நடுவில் முறிகிற மூட்டும் இல்லை.

வில் ஒரு அங்குலக் குழாய். அடிக்குழாய் ஒன்றேகால் அங்குலம். ஒரு அங்குலக் குழாய் அதற்குள் கொஞ்சம் தளர்வாக இறங்கும். துளையிட்டு ஒரு போல்ட் போட்டால் இறுகிவிடும். நாலடிக்கு ஒரு வில் என்று 11 வில். அடிக்குழாய் நாலடியாக 22 துண்டு: இரண்டடி மண்ணுக்குள், இரண்டடி வெளியே. அப்போது நடு உயரம் 8 அடி வரும். நிமிர்ந்து நடக்கலாம், மருந்துத் தாங்கியும் இடிக்காது. வில்லுகளைச் சேர்த்துக் கட்ட நீளப்பாட்டில் மூன்று வரிசை முக்கால் அங்குலக் குழாய்: உச்சியில் ஒன்று, இரண்டு பக்கமும் நிலத்திலிருந்து நாலடி உயரத்தில் ஒவ்வொன்று. நாலு மூலையிலும் குறுக்குச் சாய்வாக ஒவ்வொரு தாங்கு. பலரும் விடுகிறது இந்தச் சாய்வுத் தாங்கைத்தான். அது இல்லாவிட்டால் வில்லுகள் அடுக்கி வைத்த சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சரியும்.

"வளைக்கிற மெசின் இல்லை. எப்படி வளைப்பது?" (ஒட்டுசுட்டான்)

மெசின் தேவையில்லை. சீமெந்துத் தரையில் ஒரு ஆணி, அதில் ஒரு கயிறு, முனையில் சோக்குக் கட்டி. அரைவட்டமும் அதைத் தாண்டி இன்னும் மூன்றடியும் கீறுங்கள். கயிறு 5 அடி இருக்கட்டும், 6 அடி அல்ல. குழாய் வளைந்த பிறகு கொஞ்சம் திரும்பி விரியும். 5 அடிக்கு வளைத்தது கையை விட்டதும் கிட்டத்தட்ட 6 அடியில் வந்து நிற்கும். கோட்டின்மேல் அடிக்கு ஒன்றாகத் துளை போட்டுத் தடித்த போல்ட்டுகளை நடுங்கள். ஒரு முனையை ஒரு கொக்கியில் மாட்டிவிட்டு மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். இழுக்காதீர்கள், நடந்துதான் போக வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஒரு காலையில் 11 வில்லும் முடியும். முதல் குழாயைச் சோதனைக்கு வளைத்து, விரிவு கூடினால் கயிற்றைக் குறையுங்கள்.

ஜி.ஐ. குழாயை வெல்ட் பண்ணுகிறவர்களுக்கு ஒரு சொல்: மேலே உள்ள நாகப் பூச்சு எரிந்து வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். நான் பட்டிருக்கிறேன். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான வெளியில் வைத்துப் பற்றவையுங்கள். பால் குடித்தால் சரி என்று சொல்வதை நம்ப வேண்டாம். பற்றவைத்த இடத்துக்கு நாகப் பெயின்ற் அடிக்காவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும்.

"போன மாரியில் என் கூடாரம் வேரோடு பிடுங்கிப் போய்விட்டது. குழாயை இரண்டடி ஆழத்துக்கு அடித்திருந்தேன். பிழை எங்கே?" (புதுக்குடியிருப்பு)

ஐயா, உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்தது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வன்னியைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குப் போனது. அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தேன். என் கூடாரம் இருந்த இடத்தில் வரிசையாக ஓட்டைகள் மட்டும், கிழங்கு பிடுங்கின மாதிரி சுத்தமாக. கூடாரம் மூன்றாவது காணியின் வயலில் கவிழ்ந்து கிடந்தது. வில் ஒன்றுகூட முறியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. காற்றுக்கு நிற்க வேண்டும் என்று தடித்த குழாய் தேடியிருக்கிறேன். ஆனால் அது விழவில்லை, பறந்திருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றருக்கு 39 கிலோ அளவுக்கு அழுத்தும். வளைந்த கூரையின்மேல் ஓடும்போது அது கீழே அழுத்தாது, மேலே உறிஞ்சும். இந்தக் கூடாரம் மூடியிருக்கும் நிலம் 45 சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவு. தூக்கும் பலம் ஒரு தொன்னுக்கு மேலே போகும். காற்று வரும் பக்கக் கதவு திறந்து கிடந்து மறுபக்கம் மூடியிருந்தால், உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளும். ஒன்றரைத் தொன்னையும் தாண்டலாம். கூடாரத்தின் பாரம் எவ்வளவு? குழாயெல்லாம் சேர்த்து 250 கிலோ. பொலித்தீன் வெறும் 12 கிலோ. ஆக அது பட்டம். நூலை எங்கே கட்டினீர்கள் என்பதுதான் கேள்வி.

மாரியில் மண் ஊறிவிட்டால் வெறுமனே அடித்த குழாயை நிலம் பிடிக்காது. கையால் ஆட்டினாலே வரும். ஒவ்வொரு காலுக்கும் கொங்கிறீற் போடுங்கள். ஒரு அடி குறுக்களவு, இரண்டடி ஆழக் கிடங்கு. சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, கல் நாலு என்ற கலவை. ஒரு கிடங்கு நிறைந்தால் சுமார் 100 கிலோ. 22 கிடங்குக்கு இரண்டு தொன்னுக்கு மேல் பாரம் நிலத்தில் உட்காரும். மொத்தம் ஒரு கியூப் மீற்றர் கொங்கிறீற். ஆறேழு பை சீமெந்து போதும். கூடாரத்தில் வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். அடிக்குழாயின் கீழ் முனையில் ஒரு சாண் கம்பியைக் குறுக்கே பற்றவைத்துவிட்டு ஊன்றுங்கள். இல்லாவிட்டால் கொங்கிறீற் மண்ணுக்குள் இருக்க, குழாய் மட்டும் உருவிக்கொண்டு வரும். ஒரு கிழமை தண்ணீர் ஊற்றிக் காயவிட்ட பிறகுதான் வில்லை ஏற்ற வேண்டும்.

மணிக்கு 45 கிலோமீற்றரில் உங்கள் கூடாரம் அசையாமல் நின்றிருக்கும். அதனால்தான் போதும் என்று நினைத்திருப்பீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பலம் நாலு மடங்கு.

"எங்கள் காணி களிமண். கோடையில் வெடிக்கும், மாரியில் வீங்கும்." (அக்கராயன்)
"எங்களுடையது கடற்கரை மணல்." (செம்மலை)

களிமண்ணில் கிடங்கின் அடியைப் பானை வயிறு மாதிரி அகலமாகத் தோண்டுங்கள். அலவாங்கால் பக்கவாட்டில் குடைந்தால் சரி. மண் வீங்கினாலும் சுருங்கினாலும் அந்த வயிறு பிடித்துக்கொள்ளும். மணலில் கிடங்கு இடிந்து விழும். பழைய பெயின்ற் வாளியின் அடியை வெட்டி இறக்கிவிட்டு அதற்குள் கொங்கிறீற் போடுங்கள், ஆழம் மூன்றடி. நாலு மூலைக்கும் மேலதிகமாக ஒரு வேலை: இரண்டு சீமெந்துக் கல்லைக் கம்பியால் சேர்த்துக் கட்டி மூன்றடி ஆழத்தில் புதைத்து, அந்தக் கம்பியை வில்லின் தோளில் இழுத்துக் கட்டுங்கள். கடற்கரையில் நாகம் பூசாத கறுப்புக் குழாய்க்குப் பெயின்ற் அடித்துப் பாவிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். உப்புக்காற்று தின்றுவிடும்.

"எந்தத் திசையைப் பார்த்துக் கட்டுவது?" (மல்லாவி)

எங்களுக்கு இரண்டு காற்று. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து கச்சான்காற்று. அப்புறம் மாரியோடு வடகிழக்கு வாடை. நல்ல காலம், இரண்டும் ஒரே கோட்டில் எதிரெதிர். கூடாரத்தின் நீளத்தை அந்தக் கோட்டில், வடகிழக்கு தென்மேற்காக வையுங்கள். 40 அடி வயிற்றில் வாங்க வேண்டிய காற்றை 12 அடி முகத்தில் வாங்கும். இரண்டு முகப்பிலும் மேல் பாதியை வலையாக விட்டால் காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் சூட்டையும் அள்ளிக்கொண்டு போகும். வடகிழக்கு முகப்பில் மட்டும் இரண்டடி தாவாரம் இறக்குங்கள், சாரல் உள்ளே அடிக்காது.

பக்கத்தில் மதில் கட்டினால் காற்று நிற்கும் என்று ஒருவர் கேட்டார். மதிலில் மோதிய காற்று மேலே ஏறிச் சுழன்று கூரையில்தான் குத்தும். பாதி காற்றை விட்டுப் பாதியை மறிக்கும் வேலி நல்லது: கிளிசரிடியா, கிளுவை, பூவரசு. தென்னையின் கீழே கட்டாதீர்கள். ஓலை ஒன்று விழுந்தாலே பொலித்தீன் போச்சு.

"பி.வி.சி. குழாய் மலிவுதானே அண்ணை?" (நெடுங்கேணி)

நாற்றுமேடைக்கு, இடுப்பளவு உயரத்தில், நாலைந்து அடி அகலத்துக்கு நல்லது. ஆள் நிற்கிற கூடாரத்துக்கு வேண்டாம். வெயிலில் இளகும், நாளாக நாளாகக் காய்ந்து நொறுங்கும். அதோடு பி.வி.சி. படுகிற இடத்தில் பொலித்தீனும் சீக்கிரம் பழுதாகும். போடத்தான் வேண்டும் என்றால் வெள்ளைப் பெயின்ற் அடித்துவிட்டுப் போடுங்கள்.

"தம்பி, நான் போட்ட பொலித்தீன் எட்டு மாதத்தில் கம்பிக்கு மேலே கோடு கோடாகக் கிழிந்துவிட்டது. தடிப்பு 200 மைக்ரோன் என்றுதான் தந்தார்கள்." (முள்ளியவளை)

அக்கா, தடிப்பு மட்டும் போதாது. யூ.வி. (வெயிலின் புற ஊதாக் கதிர்) காப்புச் சேர்த்த பொலித்தீனா என்று கேட்டிருக்க வேண்டும். சாதாரண பொலித்தீன் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் எங்கள் வெயிலில் ஒரு வருடம் பிடிக்காது. காப்புச் சேர்த்த 200 மைக்ரோன் எனக்கு மூன்று வருடம் வந்தது, கவனமாக வைத்திருந்தால்.

ஆனால் கிழிந்தது கம்பிக்கு மேலே என்கிறீர்கள். அது வேறு கதை. மத்தியானத்தில் குழாயைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. அந்தச் சூடு பொலித்தீனைத் தினமும் பொரிக்கிறது. வில்லின் மேல்பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ற் அடியுங்கள், அல்லது பழைய சைக்கிள் ரியூப்பைக் கீறிச் சுற்றாமல் வெள்ளைத் துணி நாடா சுற்றுங்கள். கறுப்பு ரப்பர் இன்னும் சூடேற்றும். கந்தக மருந்து அடித்தீர்களா என்று தொலைபேசியில் கேட்டேன், ஓம் என்றீர்கள். கந்தகம் அந்த யூ.வி. காப்பைத் தின்றுவிடும். சாம்பல் நோய்க்கு வேறு மருந்து பாருங்கள்.

இழுத்துக் கட்டும் நேரமும் முக்கியம். விடியப்புறக் குளிரில் இறுக்கினால் மத்தியானம் தளர்ந்து படபடவென்று அடிக்கும். அந்தப் படபடப்புத்தான் கிழிக்கும், நேராக அடிக்கும் காற்று அவ்வளவு கிழிக்காது. காற்று எழும்ப முன்னர், வெயில் கொஞ்சம் ஏறின எட்டரை ஒன்பது மணிக்கு விரியுங்கள். ஓரத்தை ஆணி அடித்து நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு ஆணி ஓட்டையும் ஒரு கிழிசலின் தொடக்கம். பள்ளத் தகட்டுக்குள் நெளிகம்பியை அழுத்திப் பூட்டும் முறை இருக்கிறது, அதுதான் சிறந்தது. கிடைக்காவிட்டால் ஓரத்தைப் பனஞ்சிலாகையில் மூன்று சுற்றுச் சுற்றி, சிலாகையைக் குழாயோடு கட்டுங்கள். கடைசியாக ஒவ்வொரு இரண்டு வில்லுக்கும் நடுவால் மேலே ஒரு நைலோன் கயிறு போட்டு இரண்டு பக்கமும் அடிக்குழாயில் இழுத்துக் கட்டிவிட்டால் படபடப்பு அடங்கும்.

"குரங்குக்கும் யானைக்கும் நிற்குமா?" (ஓமந்தை)

யானைக்கு எதுவும் நிற்காது. குரங்கு பொலித்தீனில் சறுக்கி விளையாடும். என் மகன் அதைப் பார்க்கவே கதிரை போட்டு இருப்பான். பூச்சி வலைக்கு வெளியே பழைய மீன்வலையை ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் கை வைக்கத் தயங்கும். முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

"பக்கத்தில் எவ்வளவு உயரத்துக்கு வலை? கச்சான்காற்று நேரம் செடி வாடுகிறதே?" (செட்டிகுளம்)

நிலத்திலிருந்து நாலடி வலை, அதற்கு மேலேதான் பொலித்தீன். 40 மெஷ் வலை, அதாவது அங்குலத்துக்கு 40 கண் உள்ளது, வெண் ஈயைப் பெரும்பாலும் மறிக்கும். திரிப்ஸ் அதைவிடச் சின்னது, நுழைந்துவிடும். அதற்காக இன்னும் நெருக்கமான வலை போட்டால் காற்று நுழையாது, செடி அவியும். நான் 40-ஓடு நிறுத்திக்கொண்டேன்.

வைகாசி தொடங்கியதும் என் கூடாரத்தில் பொலித்தீன் இருக்காது. கழற்றிச் சுருட்டி நிழலில் வைத்துவிட்டு, அதே வில்லுக்கு 50 வீத நிழல் வலை போடுவேன். புரட்டாதிக் கடைசியில் திரும்பப் பொலித்தீன். வருடத்தில் ஐந்து மாதம் வெயில் படாததால் அதன் ஆயுளும் கூடுகிறது. "இரண்டு செலவா" என்று கேட்பவர்களுக்கு: வெயிலில் பொலித்தீனுக்குள் கறிமிளகாய் வைத்துப் பாருங்கள், செலவு எது என்று தெரியும்.

"தக்காளி நிறையப் பூக்கிறது, காய் குறைவு. வலைக்குள் தேனீ வராததாலா?" (துணுக்காய்)

காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில் செடி கட்டின கயிற்றைத் தட்டிவிடுங்கள். தக்காளிக்கும் மிளகாய்க்கும் அது போதும். வெள்ளரி என்றால் மகரந்தம் இல்லாமலே காய்க்கும் இன விதை வாங்க வேண்டும்.

"மழை வெள்ளம் பக்கத்தால் உள்ளே வருகிறது." (பரந்தன்)

வரும்தானே. 100 மில்லிமீற்றர் மழை ஒரு நாளில் பெய்வது மாரியில் எங்களுக்குப் புதினமில்லை. அப்படிப் பெய்தால் இந்தக் கூரையிலிருந்து மட்டும் 4,400 லீற்றர் தண்ணீர் இரண்டு பக்கமும் வழியும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த நாட்களில் பரந்தன் பக்கம் எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். பொலித்தீன் சொட்டும் கோட்டில் ஒரு அடி ஆழ வாய்க்கால், உள்ளே பாத்தி முழங்காலில் பாதி உயரம். வில்லின் உச்சியைத் தட்டையாக வளைக்காதீர்கள். தண்ணீர் தேங்கித் தொப்பை விழும். ஒரு சதுர மீற்றரில் ஒரு சாண் தண்ணீர் நின்றால் 200 கிலோவுக்கு மேல்.

"புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வீர்கள்? கட்டி இறுக்குவதா, கழற்றுவதா?" (முல்லைத்தீவு)

60 கிலோமீற்றருக்கு உட்பட்ட காற்று என்றால் கயிறுகளை இறுக்குவேன், இரண்டு முகப்பையும் ஒரே மாதிரி வைப்பேன். ஒன்று இரண்டும் திறப்பு, இல்லாவிட்டால் இரண்டும் மூடல். ஒன்றைத் திறந்து ஒன்றை மூடுவதுதான் ஆபத்து.

80, 90 என்று சொன்னால் யோசிக்காமல் பொலித்தீனைக் கழற்றிவிடுவேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வாப் புயல் வருகிறது என்றதும் அப்படித்தான் செய்தேன். உள்ளே பூத்து நின்ற தக்காளி மழையில் அடிபட்டுப் பாதி போனது, மனது கேட்கவில்லை. ஆனால் வில் எதுவும் அசையவில்லை. இரண்டு கிழமையில் அதே பொலித்தீனை ஏற்றி மறுபடி நாற்று வைத்தேன். நெளிகம்பிப் பூட்டு என்றால் இரண்டு பேருக்கு அரை மணித்தியாலம் போதும். ஆணி அடித்து வைத்தவர்கள் அரைநாள் மினக்கெட வேண்டும், அதற்குள் காற்று வந்துவிடும்.

நேரம் கிடைக்காமல் இரவில் திடீரென்று அடித்தால் வெட்டுவதுதான் வழி. ஏணி வைத்து ஏறாதீர்கள். நிலத்தில் நின்றபடி, வில்லுக்கும் வில்லுக்கும் நடுவில் மேலிருந்து கீழாக ஒரே இழுவை. அதற்கு, நீளத் தடியின் முனையில் வளைந்த கத்தி கட்டிய கொக்கச்சத்தகத்தை மிஞ்சிய ஆயுதம் இல்லை. என்னுடையது கூடாரக் கதவு நிலையில் தொங்குகிறது. முருங்கைக்காய் பறிக்க வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு போனால் பொழுதுபட முன்னர் திருப்பி மாட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம்.